அடுக்களையில் எழுதிய சாசனம்

பத்து ரூபாய் ரொக்கம்; ஒரு பழம்புடவை. பேரம் முடிந்தது, பொருள் கைமாறியது. மாட்டுச் சந்தையில் கன்று வாங்கிய கணக்கென்று எண்ணிவிடாதீர்கள் தோழர்களே! பெற்றவள் தன் பெண் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் பெற்றுக்கொண்ட விலை அது. பிழைப்புத் தேடித் தகப்பன் சென்னைக்குப் போய்விட்டான். வீட்டிலே பசி வந்து பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. மூவலூரில் ஆச்சிக்கண்ணு என்றொரு தாசி. அவளிடம் போய்ச் சேர்ந்தது குழந்தை. பாட்டும் ஆட்டமும் பயிற்றுவித்துப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு ‘அர்ப்பணம்’ செய்வார்கள். அந்த அர்ப்பணத்தை ஆலயத்துக்கு வெளியே அனுபவிக்க மிராசுதாரர்கள் காத்திருப்பார்கள்.

1883-இல் பிறந்த அந்தக் குழந்தைதான் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்.

பொட்டுக்கட்டு வேண்டாமென்று மறுத்து, தமக்குப் பாட்டுச் சொல்லித் தந்த சுயம்புப் பிள்ளையைக் கணவராக ஏற்றுக்கொண்டவர் அவர். மறுத்ததோடு நின்றிருந்தால் ஒரு பெண் தப்பினாள் என்ற அளவில் கதை முடிந்திருக்கும். அவர் எழுதத் தொடங்கினார். 1925-இல், ‘குடிஅரசு’ ஏடு தொடங்கிய அதே ஆண்டில், அந்த ஏட்டுக்கு ஒரு கடிதம் விடுத்தார். தாம் பிறந்தது தாசிக் குடும்பத்தில் அல்ல. உறவினர் தூண்டுதலால் பெற்றோர் தம்மை அந்தப் பள்ளத்தில் தள்ளினர். இந்த வழக்கத்துக்குச் சமய நூல்கள் சான்றுரைக்கின்றனவா என்று தாமே படித்துப் பார்த்ததாகவும், ஆண்கள் தங்கள் இன்பத்துக்காகவும் தன்னலத்துக்காகவும் சில பெண்களை இத்தொழிலில் பிணைத்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்ததாகவும் அதில் எழுதினார்.

கடிதம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட பெண், தன்னை விற்ற முறைமையை விசாரணைக் கூண்டில் ஏற்றி, சாட்சியும் தானாக, நீதிபதியும் தானாக அமர்ந்து தீர்ப்பெழுதி, கீழே தன் பெயரையும் ஒப்பமிட்டு அனுப்புகிறாள். ‘ஊரார் என்ன சொல்வார்கள்’ என்ற ஒரு கேள்விக்கே நடுங்கி, புனைபெயரில் ஒளிந்துகொண்டு எழுதும் ஆண் சிங்கங்களை நாம் அறிவோம். அந்த அம்மையார் ஒளியவில்லை.

அந்த ஒரு கடிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, சற்றே கடல் கடந்து வாருங்கள். காரணம் இருக்கிறது. பூனாவில் சோதிராவ் புலே 1873-இல் ‘குலாம்கிரி’ என்ற தம் நூலை எழுதி முடித்தபோது அதை யாருக்குக் காணிக்கையாக்கினார்? மன்னருக்கா, மடாதிபதிக்கா? கறுப்பின மக்களின் அடிமை விலங்கை உடைக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கு! அந்த நன்மக்களில் பாதிப்பேர் பெண்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. லிங்கனைத் தெரியும். கெட்டிஸ்பர்க்கைத் தெரியும். கிரிம்கி சகோதரிகளைத் தெரியுமா?

தென் கரோலினா மாநிலம், சார்லஸ்டன் நகரம். அடிமைகளை வைத்து ஆண்ட நீதிபதி ஒருவரின் பெண்மக்கள் சாராவும் ஆஞ்சலினாவும். மூத்தவள் சாரா 1792-இல் பிறந்தவள். இளையவள் ஆஞ்சலினா 1805-இல். அடிமைக்கு எழுத்தறிவித்தல் குற்றம் என்று இருந்த அந்த மாநிலத்தில், இரவு நேரத்தில் விளக்கை அணைத்து, சாவித் துளையை மறைத்து, கணப்பு நெருப்பின் வெளிச்சத்தில் தன் பணிப்பெண்ணுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தாள் சாரா. ஏகலைவன் கட்டை விரலைக் கேட்ட நாட்டவருக்கு அந்தச் சாவித் துளையின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

1835-இல் ஆஞ்சலினா, அடிமை ஒழிப்புக்காக ‘விடுதலையாளன்’ என்று பொருள்படும் ஏட்டை நடத்திவந்த காரிசனுக்குத் தனிப்பட ஒரு கடிதம் எழுதினாள். அவளைக் கேளாமலே அவர் அதை அச்சேற்றிவிட்டார். குவேக்கர் சபையார் பதறினர். மறுத்துவிடு, திரும்பப் பெற்றுக்கொள் என்றனர். அவள் மறுக்கவில்லை. மறு ஆண்டு, தென்னாட்டுக் கிறித்தவப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோளை எழுதி அச்சிட்டு அனுப்பினாள். அதைச் சார்லஸ்டன் அஞ்சலகத்திலேயே தீயிட்டுக் கொளுத்தினார்கள். ஊருக்குத் திரும்பினால் சிறை என்ற எச்சரிக்கையும் வந்தது. பிறந்த வீட்டின் கதவை அடைத்தது ஒரு கடிதம்!

அவளுடைய திருமணத்தைக் கேளுங்கள். சுயமரியாதைத் திருமண மேடைகளில் வாழ்த்துரை வழங்கிப் பழகிய நமக்கு அது அயலாகத் தோன்றாது. 1838 மே 14-ஆம் நாள், தியோடர் வெல்டு என்ற அடிமை ஒழிப்புப் பேச்சாளரை மணந்தாள். மனைவியின் உடைமை மீது சட்டம் கணவனுக்குத் தந்திருந்த அதிகாரம் எதுவும் தனக்கு வேண்டாம் என்று மணமகன் அவையிலேயே துறந்தான். கல்யாணப் பணியாரத்துக்கு எந்தச் சர்க்கரை தெரியுமா? அடிமையின் வியர்வை படாத, கூலி கொடுத்து விளைவித்த சர்க்கரை. அன்று அந்த இயக்கத்துப் பெண்கள் பலர் அடிமை பறித்த பருத்தியை உடுத்துவதில்லை. அடிமை வெட்டிய கரும்பின் இனிப்பை நாவில் வைப்பதில்லை. கடைக்காரனிடம் ஒரு சாக்குச் சர்க்கரையின் பூர்வோத்திரம் விசாரிப்பதுதான் அவர்களுடைய அன்றாட அரசியல். முற்போக்குப் பேசிவிட்டு வரதட்சணைச் சீர் பாத்திரங்களை வண்டியில் ஏற்றும் நம் வீட்டு மாப்பிள்ளைகள் சிலர் இந்தப் பத்தியை இருமுறை படிக்கலாம்.

மணமான இரண்டாம் நாள், மே 16 இரவு, பிலடெல்பியாவில் புதிதாகக் கட்டிய பென்சில்வேனியா மண்டபத்தில் அவள் பேசினாள். வெளியே கூட்டம், சன்னல்களில் கல்மாரி. பேச்சு நிற்கவில்லை. மறுநாள் இரவு அந்த மண்டபமே எரிக்கப்பட்டது. திறந்து நான்கே நாள்!

மேடையில் பேசிய பெண்ணை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. அதற்குப் பின் அவர்கள் செய்த வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சகோதரிகள் இருவரும் வெல்டும் ஒரே வீட்டில் அமர்ந்து, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தென்னாட்டு நாளிதழ்ப் பிரதிகளைப் புரட்டினார்கள். ‘ஓடிப்போன அடிமை, முதுகில் சாட்டைத் தழும்பு, காதில் வெட்டு, பிடித்துத் தருவோர்க்குப் பரிசு’ என்று எசமானர்களே கொடுத்த விளம்பரங்களைக் கத்தரித்தார்கள். எதிரியின் கையெழுத்திலேயே எதிரியின் குற்றப்பத்திரிகை! 1839-இல் அது ‘அமெரிக்க அடிமைத்தனம், உள்ளவாறு’ என்ற பொருளில் நூலாயிற்று. ஓராண்டில் இலட்சம் படிகள் விற்றன. அந்த வீட்டில் அடுப்பும் எரிந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் குழந்தைகள் பிறந்தன. துணி துவைக்க வேண்டியிருந்தது. கத்தரிக்கோல் ஒரு கையில், கரண்டி ஒரு கையில்.

இன்னொருத்தி, லிடியா மரியா சைல்டு. சிக்கனமாகக் குடித்தனம் நடத்துவது எப்படி என்று 1829-இல் அவள் எழுதிய நூல் வீட்டுக்கு வீடு விற்றது. 1833-இல் கறுப்பு மக்களுக்காக ஒரு நூல் எழுதினாள். அவ்வளவுதான்! அவள் நடத்திய சிறுவர் ஏட்டுக்குச் சந்தாதாரர்கள் விலகினர். பாஸ்டன் நூலகம் அவளுக்கு அளித்திருந்த சலுகையைப் பறித்தது. ஊறுகாய் போடுவது எப்படி என்று அவள் சொன்னால் உலகம் கேட்கும். நீதி எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளும்.

இவர்கள் அனைவரும் வெள்ளைப் பெண்கள். ஒழிப்பை எழுதினார்கள், அடிமையாக வாழ்ந்ததில்லை. வாழ்ந்தவள் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஆரியட் சேக்கப்சின் கதை இருக்கிறது. கல்லூரியைப் பாதியில் விட்டு வந்து, நூல் நிலையத்தில் கண்டதையும் படித்துத் திரிந்த நாட்களில் எதிர்ப்பட்ட கதை அது. நாடகமாக்க முயன்றேன், முதல் காட்சியிலேயே தோற்றேன். காரணம் கேளுங்கள்.

வட கரோலினாவில் 1813-இல் அடிமையாகப் பிறந்தவள். எசமானனின் காமத்துக்குத் தப்பி 1835-இல் ஒளிந்துகொண்டாள். எங்கே? பாட்டி வீட்டுக் கொட்டகையின் கூரைக்கடியில். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம், மிக உயர்ந்த இடத்தில் மூன்றடி உயரம். நிமிர்ந்து உட்கார இடமில்லை. புரண்டு படுத்தால் கூரை இடிக்கும். அங்கே ஏறக்குறைய ஏழாண்டு! கீழே தன் குழந்தைகள் விளையாடும் ஓசை கேட்கும். ‘அம்மா இருக்கிறேன்’ என்று சொல்ல முடியாது. எந்த மேடையில் அந்தக் கூரையைக் கட்டுவேன்? எந்த நடிகையை அங்கே படுக்க வைப்பேன்?

அந்த இருட்டிலும் அவள் எழுதினாள். எசமானனுக்கே கடிதம் எழுதினாள்! நியூயார்க்கிலிருந்து எழுதுவதுபோல் எழுதி, நம்பிக்கையான கையொன்றில் கொடுத்து, நியூயார்க் முத்திரையோடு அஞ்சலில் வரச் செய்தாள். அவன் வடக்கே தேடி அலைந்தான். அவளோ அவன் தலைக்குச் சற்று மேலே, ஊருக்குள்ளேயே இருந்தாள். அரசாங்கங்களின் ஒற்றர் படை செய்யத்தக்க வேலையை ஒரு பென்சிலும் காகிதமும் வைத்துச் செய்தாள்.

1842-இல் தப்பினாள். வடக்கே ஒரு செல்வர் வீட்டில் குழந்தை வளர்க்கும் பணி. பகலெல்லாம் பிறர் குழந்தை. இரவில் தன் கதை. ஆமி போஸ்ட் என்ற தோழிக்குக் கடிதம் எழுதுவாள்: எழுத நேரமில்லை, எழுதத் துணிவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை என்ற மூன்று தவிப்பும் அவற்றில் உண்டு. 1861-இல் நூல் வந்தது, புனைபெயரில். பதிப்பித்து உதவியவள் நாம் மேலே கண்ட லிடியா சைல்டு. பின்னர் என்ன நடந்தது? ‘அடிமைப் பெண்ணாவது இப்படி எழுதுவதாவது! அந்த வெள்ளைக்காரியே கற்பனையாக எழுதியிருப்பாள்’ என்று பண்டிதர்கள் ஒதுக்கினார்கள். நூறாண்டுக்கு மேல் அந்தப் பொய் அரியணையில் அமர்ந்திருந்தது. 1980-களில் சீன் பேகன் எலின் என்ற ஆய்வாளர் ஆமி போஸ்ட் குடும்பத்துக் காகிதக் கட்டுகளிலிருந்த கடிதங்களைக் கொண்டு, எழுதியவள் சேக்கப்சே என்று நிறுவினார்; 1987-இல் அவள் பெயரோடு நூல் மறுபடி வந்தது. தோழி ஒருத்தி பழைய கடிதங்களை அடுப்பில் போடாமல் வைத்திருந்தாள். ஒரு பெண்ணுக்கு அவள் எழுத்துத் திரும்பக் கிடைத்தது.

இப்போது சொல்லுங்கள், நம் வீட்டுப் பரண்களில் என்ன இருக்கிறது? பூனாவில் சாவித்திரிபாய் புலே கணவருக்கு எழுதிய கடிதங்களில் மூன்று மட்டும் மிஞ்சின. 1868-இல் எழுதிய ஒன்றில், சாதி கடந்து காதலித்த இருவரை ஊரார் அடித்துக் கொல்ல இழுத்துச் செல்கையில் தாம் குறுக்கே பாய்ந்து காத்ததை எழுதுகிறார். 1877-இல் எழுதியது பஞ்சத்தைப் பேசுகிறது. மூன்றே மூன்று! அவற்றிலேயே ஒரு காலம் தெரிகிறது என்றால், தொலைந்தவற்றில் எவ்வளவு இருந்திருக்கும்?

மூவலூருக்குத் திரும்புவோம். அதே காலத்தில், வேறொரு வீட்டிலிருந்து வேறொரு பேனாவும் எழுதிக்கொண்டிருந்தது. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று எழுந்த கூச்சலை மன்னரின் அனுமதியால் தாண்டி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-இல் மருத்துவரானார். 1914-இல் சுந்தர ரெட்டியை மணக்கும்போது, சமமாக நடத்த வேண்டும், விருப்பத்தில் குறுக்கிடக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர். துணைத் தலைவரும் ஆனார். அந்த ஆண்டு நவம்பரிலேயே பொட்டுக்கட்டு ஒழிப்புத் தீர்மானம் கொண்டுவந்தார்.

மேடைகளில் நாம் என்ன செய்கிறோம்? அந்த மன்றத்தில் அம்மையார் கொடுத்ததாக ஒரு சூடான பதிலைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். வசனம் எழுதுகிறவன் நான். கைதட்டலின் ருசி எனக்குத் தெரியும். சட்டம் கைதட்டலில் பிறப்பதில்லை. மனுக்களில், மடல்களில், மாதர் சங்கத்து ஏடான ‘ஸ்திரீ தர்மா’வின் பக்கங்களில், திருத்தங்களுக்கு மேல் திருத்தமாக அது பிறந்தது.

சட்டத்தின் உட்பொருளைப் பாருங்கள். தாசிக்குக் கோயில் கொடுத்தது இனாம் நிலம். நிலத்தை அனுபவிக்க வேண்டுமானால் பணி செய்ய வேண்டும். பணி தொடர வேண்டுமானால் வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்ட வேண்டும். பக்தி என்று வெளியே பெயர், உள்ளே பட்டா! தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று கல்லில் வெட்டி வைத்தான். பங்கு என்றால் உரிமை. உரிமையோடு ஒட்டிய விலங்கு. முத்துலட்சுமி அம்மையார் முடிச்சைச் சரியான இடத்தில் அவிழ்த்தார். 1929-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், பணியை அறுத்தது. நிலத்தை அந்தப் பெண்களிடமே விட்டது. விலங்கை உடைக்கிறேன் என்று சொல்லிச் சோற்றையும் பிடுங்கிக்கொள்ளும் சீர்திருத்தம் அல்ல அது.

எதிர்த்தும் மடல்கள் வந்தன. எழுதியவர்கள் வைதிகர்கள் மட்டுமல்லர். தேவதாசிப் பெண்களே எழுதினர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் முன்னணியில் நின்றார். முத்துப்பழனி என்ற தஞ்சை அரசவைப் பெண்கவியின் தெலுங்குக் காவியத்தை 1910-இல் பதிப்பித்து, வெள்ளை அரசின் தடைக்கு ஆளானவர். திருவையாற்றில் தியாகராயருக்குக் கோயில் எழுப்பியவர். எங்கள் எல்லோரையும் விலைமாதர் என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். எங்களுக்குச் சொத்துரிமை உண்டு, கல்வி உண்டு, கலை உண்டு என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்த மடல்களை எள்ளி நகையாடுவது நமக்கு அழகல்ல. அவர்கள் அஞ்சியதில் ஒரு பாதி நடந்தும் விட்டது: சதிராட்டம் பரதநாட்டியமாகப் பெயர் மாறி மேல்சாதி மாளிகைகளின் மாடியேறியது, ஆடிய குலத்துப் பெண் தெருவில் நின்றாள். ஆயினும், ஏழு வயதுப் பெண்ணின் கழுத்தில் தாலி கட்டி, அவள் வாழ்வைப் பிறர் முடிவு செய்யும் உரிமை எந்தக் கலைக்கும் கிடையாது. இராமாமிர்தம் அம்மையாரின் பக்கம்தான் நான். எதிர்த்தரப்பின் மனுவையும் படித்துவிட்டு அந்தப் பக்கம்.

அதே 1929, பிப்ரவரி 17, 18. நம் செங்கற்பட்டு! முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, சவுந்தரபாண்டியனார் தலைமையில். பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும், பதினாறு வயதுக்குமுன் மணம் கூடாது, தொடக்கப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியராக்க வேண்டும் என்றெல்லாம் அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. அவற்றுள் சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமாக அறுபதாண்டு ஆயிற்று: 1989. ஊரப்பாக்கத்திலிருந்து மின்தொடர் வண்டியில் ஏறினால் கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் என்று கடந்து செங்கற்பட்டில் இறங்கலாம். அந்த வண்டியில் நாள்தோறும் கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் போகும் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, தங்கள் பெயரில் ஒரு பத்திரம் பதியும் உரிமை அந்த நகரத்து மேடையில் கோரப்பட்டது என்று தெரியும்? அவர்கள் மீது குற்றமில்லை. நாம் சொல்லவில்லை.

மாநாட்டுத் தீர்மானங்கள் அச்சில் இருக்கின்றன. மாநாட்டுக்கு வந்தவர்களுக்குச் சோறு வடித்த கைகள் எந்த அச்சிலும் இல்லை. ஈரோட்டில் நாகம்மையார் வீட்டில் அணையாத அடுப்பு; வந்தவர்க்கெல்லாம் இலை. அதே நாகம்மையாரும் நாத்தனார் கண்ணம்மாளும் 1924-இல் வைக்கத்தில் களத்தில் நின்றார்கள். 1933-இல் நாகம்மையார் மறைந்தார். அதே ஆண்டு ‘குடிஅரசு’ தலையங்கம் ஒன்றுக்காக வழக்கு வந்தபோது, ஆசிரியரோடு வெளியிடுபவரான கண்ணம்மாளும் குற்றவாளிக் கூண்டில் ஏறிச் சிறை சென்றார். ஏட்டின் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர், நாம் படிக்காமல் புரட்டும் அந்தப் பெயர், சிறைக்குப் போயிருக்கிறது.

1936-இல் இராமாமிர்தம் அம்மையார் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை வெளியிட்டார். வலை பின்னப்படும் விதத்தை, வலைக்குள் இருந்தவர் எழுதியது. பண்டிதர்கள் அதை இலக்கியத்தில் சேர்க்கவில்லை. சேக்கப்சுக்கு நேர்ந்ததுதான்! 2003-இல் அது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. அதன்பின்தான் நம் பல்கலைக்கழகங்கள் சில திரும்பிப் பார்த்தன. அமெரிக்கத் துறைமுகத்தைத் தொட்டுவந்தால்தான் நம் வீட்டு முத்தும் முத்தாகிறது போலும்.

1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த பெரும்படையில், அந்த ஐம்பத்தைந்து வயது மூதாட்டியும் நடந்தார். நவம்பர் 13-இல் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் சென்னையில் பெண்கள் மாநாடு. மறைமலையடிகளின் மகள் அவர். மறுநாளே மறியல் தொடங்கியது. அந்தப் போராட்டத்தில் 73 பெண்கள் சிறை புகுந்தார்கள். அவர்களோடு 32 குழந்தைகளும்! தாய்ப்பால் மறவாத குழந்தைக்கு அரசியல் தெரியுமா என்று அன்று கேலி பேசினர். குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போராட்டத்துக்குப் போவது என்ற கேள்வியைக் கேட்காத ஆண்கள்தான் அப்படிப் பேச முடியும்.

பொட்டுக்கட்டை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947-இல் வந்தது. முத்துலட்சுமி அம்மையார் தீர்மானம் கொண்டுவந்து இருபதாண்டு. இடைப்பட்ட காலத்தில் அவர் சும்மா இருந்தாரா? தாசி முறையிலிருந்து தப்பி வந்த பெண்பிள்ளைகள் மூவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். சேர்த்துக்கொள்ள எந்த விடுதியும் முன்வரவில்லை. தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். ஔவை இல்லம் அப்படிப் பிறந்தது. விடுதலை அடைந்தவள் அன்றிரவு எங்கே படுப்பாள் என்பதற்கும் விடை வைத்திருந்தவர் அவர். இராமாமிர்தம் அம்மையார் 1962-லும் முத்துலட்சுமி அம்மையார் 1968-லும் மறைந்தனர். இருவர் பெயரிலும் அரசுத் திட்டங்கள் வந்தன. 1989-இல் திருமண உதவியாகத் தொடங்கிய மூவலூர் அம்மையார் திட்டம், 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் என்று உருமாறியது. தாலிக்குத் தங்கம் போய்ப் புத்தகத்துக்குப் பணம் வந்தது, அவருடைய வாழ்வுக்கு நெருக்கமான மாற்றம்.

இனி, நம் கதைக்கு வருகிறேன். பழைய பெருமை பேசி முடித்துக்கொள்ள இந்தப் பத்தியை எழுதத் தொடங்கவில்லை.

செங்கற்பட்டுச் சீமைக்கு அடிமைத்தனம் அமெரிக்காவிலிருந்து வந்த செய்தி அல்ல. படியாள் என்றும் பண்ணையாள் என்றும் மண்ணோடு சேர்த்து மனிதரை ஆண்ட மண் இது. 1843-இல் அடிமை முறையைச் சட்டம் ஏற்க மறுத்தது. சேரிக்குச் செய்தி வந்து சேரவில்லை. 1891-இல் இம்மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர், இங்குள்ள பறையர் குல மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார்: குடியிருக்கும் மனையே தனதில்லாதவன், எசமானனை எப்படி எதிர்ப்பான் என்று. 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது அதன் பின்விளைவு. அந்த நிலம் இன்று யார் கையில் என்பது தனிப்புராணம், இன்னொரு ஞாயிறு.

இன்றும் செங்கற்சூளையில், அரிசி ஆலையில், சவுக்கு வெட்டும் தோப்பில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடக்கும் இருளர் குடும்பங்களை இந்த வட்டாரத்து மாவட்டங்களில் மீட்டிருக்கிறார்கள். சட்டம் 1976-லேயே இருக்கிறது. கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று வழங்க வேண்டும். வாங்கிய முன்பணக் கடன் சட்டப்படியே அற்றுப்போகிறது. உடனடி உதவி முப்பதாயிரம் வரை. மீதி மறுவாழ்வுத் தொகைக்கு, எசமானன் தண்டிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டும் என்று விதி! வழக்கு நடக்கும் ஆண்டுகளில் அந்தக் குடும்பம் எதை உண்ணும்? பசி மறுபடி முன்பணத்திடம்தான் கொண்டுபோய் நிறுத்தும். 1929-இல் நிலத்தை விடாமல் விலங்கை மட்டும் அறுத்த அம்மையாரின் அறிவு, இந்த விதியை எழுதிய கைக்கு இல்லை.

இத்தகைய குடும்பங்களிலிருந்து முதலில் வாய் திறப்பவள் பெரும்பாலும் ஒரு பெண். அவள் மனு கொடுக்கிறாள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நிற்கிறாள். மனுவை எழுதிக் கொடுப்பவன் ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த வாய்பாட்டில், ‘சமூகம் கருணை கூர்ந்து’ என்று தொடங்கி, அவள் சொன்னதில் பாதியை விட்டுவிட்டு எழுதுகிறான். ரசீது சீட்டு நனைந்து கிழிகிறது. அடுத்த மாதம் மறுபடி போனால் ‘பழைய மனு எங்கே’ என்ற கேள்வி. தோழர்களே, அந்த வரிசையில் நம் கிளைச் செயலாளர் எத்தனை முறை நின்றிருக்கிறார்? சுவரொட்டியில் அவர் முகத்தைப் பார்க்கிறேன், வரிசையில் பார்க்கவில்லை.

உள்ளாட்சியில் பெண்களுக்குச் சரிபாதி இடம் என்று 2016-இல் சட்டம் செய்தாகிவிட்டது. நாற்காலி அம்மையாருக்கு, அமர்வது கணவர்! கையெழுத்து அவள், கடிதம் அவன். ஒரு வரவேற்பில் ‘தலைவரே’ என்று அழைத்தேன். அம்மையார் நிமிர்வதற்குள் அவர் கணவர் கைகூப்பிவிட்டார். மகளிரணி என்று பெயர் வைத்து, கோலம் போடவும் ஆரத்தி எடுக்கவும் முன்வரிசையில் புடவை வண்ணம் காட்டவும் பயன்படுத்துகிறவர்கள், பத்து ரூபாய்க் கணக்கை வேறு நாணயத்தில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. இது எதிர்க்கட்சியைப் பார்த்துச் சொன்னதல்ல. நம் படிப்பகத்துப் பெஞ்சில் அமர்ந்து இந்த ஏட்டைப் படிப்பவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஊரப்பாக்கம் படிப்பகத்தில் ஓர் இரும்புப் பெட்டி வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். 1965 மொழிப்போரின்போது சிறையிலிருந்து அப்பா எழுதிய அட்டை, பாட்டி கூட்டுறவுச் சங்கத்துக்கு எழுதிய முறையீடு, சூளையிலிருந்து மீண்டவள் கொடுத்த மனுவின் நகல், நெசவாளி மனைவி மகனுக்கு எழுதிய கடிதம் எதுவாயினும் கொண்டு வாருங்கள். பழைய தாள் கடைக்காரன் கிலோவுக்கு என்ன கொடுப்பான் என்று எனக்குத் தெரியும். நான் கொடுக்க மாட்டேன். பார்த்துப் படியெடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே தந்துவிடுவோம். பெட்டியின் சாவி படிப்பகத்துச் செயலாளரிடம் இராது; மகளிர் மன்றத்துப் பெண்கள் இருவரிடம் இருக்கும். திங்கட்கிழமை காலை எட்டரை மணி வண்டிக்கு மனுவோடு புறப்படும் பெண்கள் முந்தின நாள் மாலையே வந்தால், அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதித் தர நால்வர் இருப்பார்கள். இரண்டு படி எழுதுங்கள். ஒன்று ஆட்சியருக்கு, ஒன்று பெட்டிக்கு. இரண்டிலும் நாள், மாதம், ஆண்டு விடாமல் குறியுங்கள். கீழே அவளுடைய பெயர். கணவன் பெயர் விண்ணப்பப் படிவம் கேட்டால் மட்டும்.